கீபோர்டுக்குள் தராசு இருக்கிறதா?

கேள்வி: என் மகளின் இசைக் கீபோர்டில் மெல்ல அழுத்தினால் மெல்லிய சத்தம், ஓங்கி அடித்தால் அதிர்கிறது. கம்ப்யூட்டர் கீபோர்டில் எப்படிக் குத்தினாலும் அதே எழுத்துதான். விரலின் பலத்தை அளக்க உள்ளே தராசு மாதிரி ஏதாவது வைத்திருக்கிறார்களா?

பதில்: தராசெல்லாம் கிடையாது, இருப்பது ஒரு கடிகாரம். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு மின் தொடர்புகள் உண்டு. கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று சேரும், அப்புறம்தான் மற்றது. நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு சில்லு (சிப்) எண்ணிக்கொண்டே இருக்கும். ஓங்கி அடித்தால் சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும், தயங்கி அழுத்தினால் அதைப்போலப் பல மடங்கு ஆகும். அந்த நேரத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கி, ‘60ஆம் ஸ்வரம், வேகம் 90’ என்கிற மாதிரிச் செய்தி அனுப்பிவிடுகிறது. மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி என்ற பொது ஏற்பாடு இது. பியானோவின் நடு ‘சி’க்கு அதில் 60ஆம் எண்.

பலத்தை அளக்காமல் நேரத்தை அளப்பது ஏமாற்று வேலை போலத் தோன்றும். ஆனால் பியானோவே அப்படித்தான். 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்தோஃபோரி செய்த பியானோவிலிருந்தே, சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, எறிந்த கல் மாதிரித் தன் போக்கில் போய் அடிக்கிறது. கையை விட்டுப் போன கல்லை நாம் என்ன செய்ய முடியும்? விடுபடும்போது இருந்த வேகம்தான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. (அழுத்திய கட்டையின் மேலேயே விரலை உருக்கமாக ஆட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பியானோவில் அது பார்ப்பவர்களுக்காக மட்டும்தான். மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சில சிந்தசைசர்களில் கட்டைகளுக்கு அடியில் அழுத்தத்தை உணரும் பட்டை தனியாக இருக்கும், அங்கே அந்த ஆட்டத்துக்கு நிஜமாகவே பலன் உண்டு.)

கம்ப்யூட்டர் கீபோர்டில் பொதுவாக விசைக்கு ஒரே தொடர்பு. அது சேர்ந்ததா, பிரிந்ததா, அவ்வளவுதான் கேள்வி. வழக்கமான மெக்கானிக்கல் விசை 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரிலேயே தொடர்பு சேர்ந்துவிடும். மீதி தூரத்தில் நீங்கள் காட்டுகிற கோபமெல்லாம் மேசைக்குத்தான் போகிறது.

கேள்வி: கேம் விளையாடும்போது மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சில சமயம் ஒன்று வேலை செய்வதில்லை. கீபோர்ட் பழுதா?

பதில்: பழுதில்லை, சிக்கனம். நூற்றுக்கு மேற்பட்ட விசைகளுக்குத் தனித்தனி வயர் இழுக்க யாரும் தயாரில்லை. அதனால் 8 கிடைக்கோடு, 16 நெடுக்கோடு என்று வலை மாதிரிப் போட்டுவிடுகிறார்கள். 24 வயர்களில் 128 சந்திப்புகள் கிடைத்துவிடும். சில்லு ஒவ்வொரு கோடாக மின்சாரம் விட்டு, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று நொடிக்குப் பல நூறு முறை பார்க்கிறது. இந்த வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒன்றாக அழுத்தினால், மின்சாரம் சுற்றிக்கொண்டு வந்து, தொடாத நாலாவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். பேய் விசை! எது நிஜம் என்று தெரியாத சில்லு, வம்பே வேண்டாம் என்று மூன்றாவதை விட்டுவிடுகிறது. விசைக்கு ஒரு டயோடு வைத்தால் மின்சாரம் எதிர்த்திசையில் போகாது, பிரச்சினை தீர்ந்தது. நல்ல கேமிங் கீபோர்டுகளில் வைக்கிறார்கள். பத்து விரலும் ஒரே நேரத்தில் விழக்கூடிய இசைக் கீபோர்டில் டயோடு இல்லாமல் முடியவே முடியாது.

கேள்வி: ஒரே விசை ஆங்கிலத்தில் ‘எச்’, தமிழ்99இல் ‘க’. கீபோர்டுக்கு இரண்டு மொழியும் தெரியுமா?

பதில்: ஒன்றுகூடத் தெரியாது. ‘இந்த இடத்து விசை இறங்கியது’, ‘ஏறியது’ என்று எண்களை அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று பார்ப்பது கணினிக்குள் இருக்கும் அட்டவணை, மொழி மாற்றினால் அட்டவணைதான் மாறும். ஒருமுறை தூசி தட்டுவதற்காக மூடிகளையெல்லாம் கழற்றிவிட்டு, திரும்பப் போடும்போது நாலைந்தை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். பார்க்காமல் தட்டச்சு செய்கிற பழக்கத்தால் ஒரு வாரம் எனக்கே தெரியவில்லை, வேறொருவர் உட்கார்ந்து கடவுச்சொல் அடிக்க முயன்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

கேள்வி: ஒருமுறை தட்டினால் இரண்டு எழுத்து விழுகிறது. ஏன்?

பதில்: இரண்டு உலோகத் துண்டுகள் மோதும்போது பந்து மாதிரிச் சில முறை துள்ளிவிட்டுத்தான் ஒட்டும். அந்தத் துள்ளலை ஒரே அழுத்தமாக எடுத்துக்கொள்ள, சில்லு சில மில்லிசெகண்டு பொறுத்துப் பார்க்கும். தொடர்பு தேய்ந்தோ அழுக்கேறியோ போனால் துள்ளல் அந்தப் பொறுமையையும் தாண்டிவிடும். எல்லா விசையிலும் இப்படி ஆகிறது என்றால், விசையை அழுத்தியே வைத்திருந்தால் எழுத்து திரும்பத் திரும்ப விழும் வசதியில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரே ஒரு விசையில் மட்டும் என்றால் முதலில் சுத்தம் செய்யுங்கள், சரியாகவில்லை என்றால் அந்த ஸ்விட்சை மாற்றத்தான் வேண்டும்.