பழைய டென்டை எப்போது மாற்றுவது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பத்து வருஷத்து டென்ட். ஒரு கிழிசல் கிடையாது. ஆனால் பிரித்தால் உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, குமட்டுகிற வாடை வேறு. துவைத்தால் போகுமா?

பதில்: போகாது தம்பி. துணியின் உட்புறம் பூசியிருக்கிற பாலியூரித்தேன் கெட்டுவிட்டது. காற்றிலுள்ள ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். எடுக்காமல் பரணில் சும்மா கிடந்தாலும் சிதைக்கும். மழையைத் தடுப்பதே அந்தப் பூச்சுதான். தையல்மேல் ஒட்டிய டேப் மட்டும் உரிந்திருந்தால் சீம் சீலர் (தையலை அடைக்கும் பசை) தடவிச் சமாளிக்கலாம். பூச்சே போய்விட்டால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். டென்டை மாற்ற நான் ஒப்புக்கொள்கிற முதல் காரணம் இதுதான். கிழிசல், உடைசல் எல்லாம் சரிபண்ணக்கூடியவை.

கேள்வி: கம்பு உடைந்துவிட்டது. கடையில் புதிய டென்டே வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம் சார். உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிற்றை உருவி, உடைந்த துண்டுக்குப் பதில் அதே நீளமும் தடிமனும் உள்ள துண்டைக் கோத்து முடிச்சுப் போட்டால் முடிந்தது. ஃபைபர்கிளாஸ் பிளந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், சிலாம்பு ஏறும்.

கேள்வி: ஜிப்பை இழுத்தால் பின்னாலேயே வாய் பிளக்கிறது.

பதில்: பெரும்பாலும் ஸ்லைடர், அதாவது ஜிப்பில் மேலும் கீழும் ஓடுகிற துண்டு, அகன்றிருக்கும். குறடால் இரு பக்கமும் மெல்ல அழுத்துங்கள். கேட்காவிட்டால் ஸ்லைடரை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: எம்எஸ்ஆர் கம்பெனியின் ஹப்பா ஹப்பா என்எக்ஸ் மாடல், இருவர் டென்ட். நன்றாக உழைத்துவிட்டது. 2022இல் வந்த புதிய ஹப்பா ஹப்பாவுக்கு மாறலாமா?

பதில்: பழையது மொத்தம் 1.72 கிலோ, புதியது 1.47 கிலோ. முதுகில் சுமப்பவருக்குக் கால் கிலோ பெரிய விஷயம்தான். அது எங்கே குறைந்தது என்றும் பாருங்கள். தரைத்துணி 30 டெனியரிலிருந்து (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) 20க்கு இறங்கிவிட்டது. தண்ணீர் தாங்கும் அளவு, அதாவது துணிமேல் எவ்வளவு உயரத் தண்ணீர் நின்றால் கசியாது என்பது, 3000 மி.மீ.யிலிருந்து 1200 ஆகிவிட்டது. மேலே பெய்யும் மழைக்கு 1200 போதும். ஈரத்தரையில் முழங்காலை ஊன்றி ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டும்போது அந்த ஓர் இடத்தில் விழுகிற அழுத்தம் வேறு. அதனால் டென்டுக்கு அடியில் விரிக்கிற கிரவுண்ட் ஷீட்டையும் சேர்த்தே எடை போடுங்கள். மிச்சமாகும் எடையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். உங்கள் பழைய டென்டின் பூச்சு இன்னும் நன்றாக இருந்தால், நானாக இருந்தால் மாற்றமாட்டேன்.

கேள்வி: லடாக்கில் பல வாரம் வெயிலில் நின்ற டென்ட். இன்னும் நம்பலாமா?

பதில்: உயரம் 1000 மீட்டர் கூடினால் புறஊதாக் கதிர் சுமார் 10% கூடும். நைலானை அது மெல்ல மெல்ல இற்றுப்போகச் செய்யும். ஃப்ளையின் (டென்டின் மேல் போர்த்துகிற வெளித்துணி) உச்சியில், கம்பு வளைகிற இடத்தில், துணியை இரு கைக் கட்டைவிரலாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சரக்கென்று கிழிந்தால் வீட்டிலேயே கிழிந்தது நல்லது என்று நினைத்துக்கொண்டு புதிய ஃப்ளை தேடுங்கள். உள் டென்ட் நிழலில்தான் இருந்திருக்கும், அது தப்பியிருக்கலாம்.

கேள்வி: புதுசு வாங்கி முதல் மழையிலேயே துணி தொய்ந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கவா?

பதில்: நைலான் நனைந்தால் நீளும், காய்ந்தால் பழையபடி ஆகிவிடும். படுக்கும்முன் கயிறுகளை இன்னொரு முறை இழுத்துக் கட்டுங்கள். பாலியெஸ்டர் இந்த அளவு தொய்யாது. அப்புறம், ஊர் திரும்பியதும் நிழலில் முழுக்கக் காயவைத்து, பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். கார் டிக்கியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.