லூபஸும் மனசும்: வாசகர் கேள்விகள்

அடுக்களைக்குள் போனால் எதற்கு வந்தேன் என்றே மறந்துவிடுகிறது. வயது 32. எம்.ஆர்.ஐ. நார்மல். எல்லாம் என் கற்பனையா? – வாசகி, தஞ்சாவூர்

கற்பனை இல்லை. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்தான் லூபஸ்; ஸ்கேன் சுத்தமாக இருந்தும் அதில் இந்த மறதி, மந்தம் பலருக்கு உண்டு. ஹீமோகுளோபின், தைராய்டு, தூக்கம் மூன்றையும் முதலில் சரிபாருங்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? எழுதவில்லையே. அது பாசிட்டிவ் என்றால் ரத்தம் உறைந்து மூளையின் நாளங்கள் அடைபடலாம். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டீராய்டு ஆரம்பித்ததிலிருந்து மனைவி ராத்திரி தூங்குவதில்லை, ஓயாமல் பேசுகிறாள், எரிந்து விழுகிறாள். மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானே? – வாசகர், சேலம்

பெரிய தவறு. எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக? ஒரு வரிகூட இல்லை! சில வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டாலே, உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. அப்படி மயங்கி ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்; நிறுத்தியது எப்போதும் வீட்டில் உள்ள யாரோ ஒருவர்தான்.

இன்னொன்றும் யோசியுங்கள். இது மாத்திரையின் வேலையா, மூளையைத் தொட்ட லூபஸின் வேலையா? முன்னது என்றால் அளவைக் குறைக்க வேண்டும். பின்னது என்றால் பெரும்பாலும் கூட்ட வேண்டும். வைத்தியமே நேரெதிர்! தினம் 40 மில்லிகிராமுக்குக் கீழே மனநிலை பெரிதாகக் குலைவது நூற்றில் ஓரிருவருக்குத்தான். 80-ஐத் தாண்டினால் ஐந்தில் ஒருவர் வரை. அதனால்தான் அளவைக் கேட்கிறேன். இன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பத் தொடங்கினால் காலையில் சாப்பாட்டுக்குப் பின் தரலாமா என்றும் கேளுங்கள். தூக்கம் கெடுவது குறையும்.

மனச்சோர்வு மாத்திரையால் லூபஸ் கூடுமா? – வாசகி, மதுரை

பொதுவாக அதிகமாகாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் மட்டும் லூபஸ், மனநலம் இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். ரத்தக் கசிவு கூடலாம். உயிரை விடத் தோன்றினால் காத்திருக்காமல் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள்.

தங்கைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், உளறுகிறாள். மந்திரிக்கச் சொல்கிறார்கள். – வாசகர், கடலூர்

கடிதம் எழுதும் நேரமா இது? உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு மூளையில் கிருமித் தொற்று வரலாம். அதைக் கண்டறிய முதுகுத்தண்டில் நீர் எடுக்க வேண்டும் என்றால் பயப்படாமல் கையெழுத்துப் போடுங்கள். மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.

லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை கண்ணைக் கெடுக்குமாமே, நிறுத்தலாமா? – வாசகி, திருச்சி

நீங்களாக நிறுத்தாதீர்கள். எடைக்கேற்ற அளவு, தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, 5 வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும்.