இசையில் எம்.ஏ. முடித்த நான் மதுரையில் இருந்தபடி முனைவர் பட்ட ஆய்வு செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். விதிகள் எளியவை: முதுகலையில் 55 சதவீதம் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50), பிறகு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. நெட்டில் இசை தனிப்பாடமாகவே இருக்கிறது. 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஆய்வுக் காலம் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6.

கடினம் தலைப்பில்தான். நன்றாகப் பாடுவது வேறு, ஆய்வு வேறு. நூலகத்தில் ஏற்கெனவே கிடைப்பதைத் திரும்ப எழுதாதீர்கள். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் சுவாமி புறப்பாட்டோடு நடந்து பாருங்கள். நாகசுரக்காரர் சீவாளியை (ஊதும் நாணல் துண்டை) வாயில் வைத்து நனைத்துக்கொண்டு, கம்பீரநாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கென வாசிக்கும் மல்லாரியைத் தொடங்குவார்; தவில்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையில் எத்தனை தாளக் கணக்கு இருக்கிறது! முதிய கலைஞர்களிடம் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, சுரக் குறிப்பாக எழுதி வையுங்கள். நெறியாளரிடம் அந்தப் பதிவோடு போங்கள்.