கூழ் வரிசையில் வாங்கிய கையெழுத்து

அன்புள்ள டீச்சர்,

தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படித்தவன். எங்கள் தெருவில் சுகர்ஸ் என்கிற போதைப்பொடி விற்கிற வீடு எல்லோருக்கும் தெரியும். போலீஸ் கூட்டிக்கொண்டு போன ஆள் அதே வாரத்தில் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அதனால் புதுச் சட்டம் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். விற்கிறவனுக்கு ஜாமீனே கூடாது, புகைக்கிற பையன்களைத் தெருவை விட்டு அகற்றிக் கட்டாயமாக அடைத்து வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று வரிசையில் நின்றவர்களிடம் கையெழுத்து வாங்கினோம். ஒரே காலையில் நான்கு நோட்டு நிறைந்துவிட்டது. இதை யாருக்கு அனுப்பினால் சட்டமாகும்? மனுவைக் கொஞ்சம் திருத்தித் தருவீர்களா? என் பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

யாருக்கு அனுப்புவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். மனு கொடுப்பது அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு நமக்குக் கொடுத்த உரிமை. ஆனால் நீயும் நானும் நேராக மசோதா வைக்க முடியாது. ஜாமீனும் போதைமருந்துக் குற்றமும் கேப்டவுன் நாடாளுமன்றத்தின் வேலை. அங்கே அமைச்சரோ, துணை அமைச்சரோ, ஓர் உறுப்பினரோ, ஒரு குழுவோதான் மசோதாவைக் கொண்டுவர முடியும். ஆகவே உங்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போ. எந்தக் கட்சி என்று பார்க்காதே. மசோதாவாகிவிட்டால் மக்களைக் கேட்டே ஆக வேண்டும். 2006இல், ஒழுங்காகக் கேட்காமல் நிறைவேற்றிய சுகாதாரச் சட்டங்கள் இரண்டை அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

சரி. மனுவைத் திருத்தித் தர மாட்டேன். உன் தமிழில் பிழை இருக்கிறது, அது எனக்குப் பெரிதில்லை. இத்தனை வருஷம் கழித்தும் தமிழில் எழுதினாயே, அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. என்னால் தாண்ட முடியாதது அந்த ஒரு வரி: கூழ் வரிசையில் நின்றவர்களிடம் கையெழுத்து வாங்கினோம்.

நானும் அப்படி ஒரு வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டவள்.

சுகர்ஸ் நம் பக்கம் பரவத் தொடங்கிய காலம் அது. பேர்தான் சர்க்கரை. உள்ளே இருப்பது மட்டமான ஹெராயினும் அதோடு சேர்த்த கண்ட கண்ட பொடியும். என் அக்கா மகன் அதில் விழுந்தான். பத்தொன்பது வயது. முதலில் வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் காணாமல் போயின, அப்புறம் செம்புப் பைப். அக்கா காமாட்சி விளக்கைப் பழைய சேலையில் சுற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினாள். அந்த ஆடியில் கோயிலுக்குப் போனோம். ஒரு கையில் கூழ் வாளி. யாரோ ஒரு தாளை நீட்டினார்கள். மேலே போதைக்கு எதிராக என்று பெரிய எழுத்தில் இருந்தது. நான் போட்டேன், அக்காவும் போட்டாள். கீழே என்ன எழுதியிருந்தது என்று இரண்டு பேருமே படிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி ஆண்கள் சிலர் கதவைத் தட்டினார்கள். புகைக்கிற பையன்கள் தெருவில் இருக்கக் கூடாது என்று ஊரே எழுதிக் கொடுத்திருக்கிறது என்றார்கள். அவனைக் கூட்டிப் போய் டவுனில் விட்டுவிட்டு வந்தார்கள். நாங்கள் தேடினோம், இரண்டு முறை பார்த்தோம், வரமாட்டேன் என்றான். அடுத்த குளிர்காலத்தில் பிணவறையில் அடையாளம் காட்டப் போனது நான்தான். அந்தத் தாளைப் பிறகு ஒரு நாள் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அக்காவின் கையெழுத்து பதினோராவது. என்னுடையது அதற்கு அடுத்தது.

உன் மனுவில் "தெருவை விட்டு அகற்றி" என்று இருக்கிறதே, தம்பி, எங்கே அகற்றுவாய்? அந்த வரிசையில் நின்ற அம்மாக்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையை அகற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? உன்னைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. எங்களிடம் தாளை நீட்டியவர்களும் நல்லவர்கள்தான்.

நம் டர்பன் அப்போது இருந்த நேட்டால் காலனியில் 1894இல் இந்தியர்களின் ஓட்டைப் பறிக்கச் சட்டசபை மசோதா கொண்டுவந்தது. அதை எதிர்த்து, லண்டனில் காலனிகளைப் பார்த்துக்கொண்ட அமைச்சர் லார்ட் ரிப்பனுக்கு மனு அனுப்ப, காந்தியும் கூட இருந்தவர்களும் பதினைந்து நாளில் 10,000 கையெழுத்துச் சேர்த்தார்கள். கார் இல்லை, போன் இல்லை. அப்படி இருந்தும், மனுவில் இருப்பதை முழுவதும் புரிந்துகொள்ளாத ஒருவரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினார்கள். தூரத்து ஊர்களுக்கெல்லாம் போய்ச் சொல்லிப் புரியவைத்து வாங்கினார்கள். அந்த மசோதாவை லண்டன் ஏற்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், 1896இல் இனத்தின் பெயரைச் சொல்லாமல் வேறு வார்த்தையில் அதே சட்டம் வந்துவிட்டது. ஆனால் புரிந்து போட்ட அத்தனை பேரும் அதற்குள் அரசியல் தெரிந்தவர்களாகியிருந்தார்கள். உன்னிடம் நான்கு நோட்டு இருக்கிறது. அதில் எத்தனை பேருக்கு என்ன கேட்டிருக்கிறோம் என்று தெரியும்?

உனக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். கட்டாயச் சிகிச்சைக்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. 2008ஆம் வருஷத்து 70ஆம் எண் சட்டம், 2013இல் நடைமுறைக்கு வந்தது. சமூகப் பணியாளரோ, ஊர்ப் பெரியவரோ, பையனுக்கு நெருங்கியவரோ சத்தியம் செய்து எழுதி அரசு வழக்கறிஞரிடம் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் விசாரித்துச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பலாம். உள்ளூரில் போதைத் தடுப்புக் குழு அமைக்க வேண்டும் என்று நகராட்சிக்கும் அதே சட்டம் சொல்கிறது. என் அக்கா காலத்தில் இருந்தது இதற்கு முந்தைய சட்டம், அது எங்களுக்குத் தெரியாது. இப்போதும் உன் தெருவில் எந்த அம்மாவுக்குத் தெரியும்? இருப்பதையே நீ மறுபடி கேட்டால், அதுதான் இருக்கிறதே என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவார்கள். எங்கே முட்டுகிறது என்று கேள். எழுதிக் கொடுத்த நாளிலிருந்து எத்தனை நாளில் விசாரிக்க வேண்டும்? அதுவரை அவன் எங்கே படுப்பான்? சுகர்ஸை நிறுத்தினால் வயிற்றை முறுக்கும், பையன்கள் ரோஸ்டா என்பார்களே, அந்த நாட்களில் பக்கத்தில் யார் இருப்பது? இதற்கெல்லாம் சட்டத்தில் கெடு வேண்டும், பணம் வேண்டும் என்று கேள். அது மசோதாவுக்கு ஆகிற விஷயம்.

ஜாமீனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அடியோடு கூடாது என்று எழுதினால் நிற்காது, ஜாமீனை அரசியலமைப்பின் 35ஆம் பிரிவே உரிமையாக வைத்திருக்கிறது, நியாயமான நிபந்தனையோடு. ஆனால் ஒரு இடைவெளி உண்டு. விற்ற சரக்கு 50,000 ரேண்டுக்கு மேல் என்றால், கூட்டாகச் செய்திருந்தால் 10,000க்கு மேல் என்றால், தன்னை ஏன் விட வேண்டும் என்று பிடிபட்டவன்தான் நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். உன் தெருக்காரன் ஸ்ட்ராவில் அடைத்து ஒன்றொன்றாக விற்கிறவன். அவன் கையில் அவ்வளவு சரக்கு ஒரு நேரத்திலும் இருக்காது. அதனால்கூட அவன் சீக்கிரம் வந்து நிற்கலாம். பள்ளிக்கூட வழியில் திரும்பத் திரும்ப விற்றுப் பிடிபட்டவனை என்ன செய்வது என்று கேள்.

நோட்டுகளைத் தூக்கிப் போடாதே. அதில் இருக்கிற பேர்களை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போ. பையன் இருக்கிற வீட்டுக்கு முதலில் போ. எந்த நேரத்தில் விற்கிறார்கள், கிளினிக்கில் என்ன சொல்லி அனுப்பினார்கள், எத்தனை முறை திரும்பி வந்தார்கள் என்று கேட்டு எழுது. இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு இங்கிலீஷில் படித்துக் காட்டு, ஜூலு பேசுகிற அண்டை வீட்டாருக்கு ஜூலுவில், பாட்டிகளுக்குத் தமிழில். அவர்கள் போடமாட்டேன் என்றால் ஏன் என்று கேள். நான்கு நோட்டு ஒரு நோட்டாகக் குறைந்தால் குறையட்டும்.

வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வா. முதலில் என் அக்கா வீட்டுக்குப் போகலாம். வயது எழுபத்து நான்கு, காது நன்றாகக் கேட்கும். அன்றிலிருந்து அவள் பென்ஷன் தாளைத் தவிர வேறு எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. மெதுவாகப் படித்துக் காட்டு. நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பாள்.

அன்புடன்,
உன் டீச்சர்