ஆலப்புழைக்கு இரண்டு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறை நெருங்குவதால் இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆலப்புழையைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் ஐந்து பேர் காரில் போகிறோம். சனிக்கிழமை காலை மதுரையில் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். ஒரு இரவு ஹவுஸ்போட்டில் தங்க முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா? (வாசகி, திருநகர்)

இந்தக் கணக்கில் கட்ட வேண்டாம். ஹவுஸ்போட் வழக்கமாக நண்பகல் 12 மணிக்கு ஆள் ஏற்றும், மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடும். இடையில் 21 மணி நேரம் இருந்தாலும் படகு அவ்வளவு நேரமும் ஓடுவதில்லை. மாலை ஐந்தரை, ஆறு மணிக்குக் கரையில் கட்டிவிடுவார்கள். அதன்பிறகு காயல் மீனவர்களுக்கு. அவர்கள் வலை விரிக்கிற நேரத்தில் பெரிய படகு ஓடினால் வலை அறுந்துபோகும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். அதையும் கழித்தால் முதல் நாள் ஓட்டம் நாலு நாலரை மணி நேரம். மறுநாள் காலை துறைக்குத் திரும்பும் சிறு ஓட்டம் மட்டும்தான்.

மதுரையிலிருந்து குமுளி, கோட்டயம் வழியாக ஆலப்புழை ஏறத்தாழ 290 கிலோமீட்டர். மலைப்பாதை, சாப்பாடு, கோட்டயம் நெரிசல் எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால்தான் 12 மணிக்குத் துறையில் நிற்க முடியும். வழியில் இரண்டு மணி நேரம் பிந்தினால் படகு ஓட்டத்தில் பாதி போய்விடும், கட்டிய பணம் திரும்பாது.

நீங்கள் போவது டிசம்பர் கடைசி என்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சபரிமலை சீசனில் கூட்டம் மிகும்போது, போகிற வண்டிகளைக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, கட்டப்பனை வழியாகத் திருப்பிவிட்டு, திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாக விடுவார்கள். அந்தச் சுற்று நேரத்தைத் தின்றுவிடும். குட்டிக்கானம் இறக்கத்திலிருந்து முண்டக்கயம் வரை பக்தர் வண்டிகளின் வரிசையும் இருக்கும்.

செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, வெள்ளி மாலையே கிளம்பிக் குமுளியில் தூங்கிவிட்டு, சனி விடியற்காலை அங்கிருந்து புறப்படுங்கள். பதினோரு மணிக்குள் ஆலப்புழை வந்துவிடலாம், படகும் கிடைக்கும். வெள்ளி மாலை கிளம்ப வழியில்லை என்றால் ஹவுஸ்போட்டை விட்டுவிடுங்கள். சனி பிற்பகல் ஊர் வந்து சேர்ந்து, மாலையில் கடற்கரையும் பழைய பாலமும் பார்த்து, லாட்ஜில் தங்குங்கள். ஞாயிறு காலை ஆறரைக்குச் சிறிய படகில் ஏறி மூன்று மணி நேரம் கால்வாய்களைச் சுற்றிவிட்டு, பதினோரு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணி வாக்கில் வீட்டில் இருப்பீர்கள். செலவும் குறைவு. கால்வாய்களைப் பார்க்க இதுதான் நல்ல வழி என்பது எங்கள் முடிவான கருத்து. காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: ஹவுஸ்போட் இல்லாமல் ஆலப்புழையில் என்ன பார்ப்பது? எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்? (வாசகர், உசிலம்பட்டி)

ஹவுஸ்போட் போகிறது அகலமான காயலிலும் பெரிய ஆறுகளிலும். ஊர்க்காரர்கள் வாழ்கிற இடம் அங்கிருந்து பிரிகிற சின்னத் தோடுகளில், அதாவது குறுகிய வாய்க்கால்களில், இருக்கிறது. நம் சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் ஓடும், சந்துக்குள் திரும்பாது. அதேபோல அவ்வளவு பெரிய படகு தோட்டுக்குள் நுழைய முடியாது. வாசலில் பாத்திரம் கழுவுகிறவர்களையும், வஞ்சி என்கிற சிறுபடகில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் பார்க்க வேண்டுமானால் சிறிய படகுதான் வேண்டும்.

சிறிய படகு மூன்று வகை. மோட்டார் வைத்து, மேலே கூரையும் இருபுறமும் மெத்தை இருக்கையும் உள்ளது ஷிகாரா. மணிக்கணக்கில் வாடகை, ஐந்தாறு பேருக்குச் சரியாக இருக்கும். துடுப்புப் போடுகிற நாட்டுப்படகு மிகக் குறுகிய தோட்டுக்குள்ளும் போகும், சத்தமும் இல்லை. மூன்றாவது அரசுப் படகு. கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் தலைமையகமே ஆலப்புழைதான். அரசு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலுள்ள போட் ஜெட்டியிலிருந்து நெடுமுடி, கைநகரி, புளிங்குன்னு, கோட்டயம் என்று ஊர் ஊராகப் போகும். கட்டணம் பஸ் கட்டணம் போலத்தான்.

கோட்டயம் படகை மட்டும் தவற விடாதீர்கள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். முதலில் கால்வாய், பிறகு வேம்பநாட்டுக் காயல், கடைசியில் மறுபடியும் குறுகிய வாய்க்கால் என்று மூன்று விதமான நீரையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். இதைத் தனிச் சுற்றுலாவாக வைக்காமல் உங்கள் பயணத்தின் ஒரு பகுதியாக்குங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் கோட்டயத்தில் இறங்கி, கோடிமதை ஜெட்டியில் ஏறி ஆலப்புழைக்கு வரலாம். காரில் வருகிறவர்கள் டிரைவரை மட்டும் சாலை வழியாக அனுப்பிவிட்டு, எதிர்க்கரையில் சந்திக்கலாம். சில நாள் கோட்டயப் பக்கத்துப் பாலவேலைக்காகவோ நீர்ப்பாசி அடைப்புக்காகவோ படகு காஞ்ஞிரத்தோடு நின்றுவிடும். ஏறும் முன் "கோட்டயம் வரை போகுமா?" என்று ஜெட்டி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகில் போகும்போது வயலைக் கவனியுங்கள். இந்தப் படகுகள் போகிற குட்டநாட்டுப் பகுதியில் வயல் தண்ணீரைவிடத் தாழ்வாக இருக்கும். கடல் மட்டத்துக்குக் கீழே ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் நெல் விளைகிறது. சுற்றிலும் மண் வரம்பு கட்டி, உள்ளே நிற்கும் நீரை இறைத்து வெளியேற்றிவிட்டுத்தான் விதைப்பார்கள். உலக உணவு வேளாண் நிறுவனம் 2013-இல் இதை உலக முக்கியத்துவம் பெற்ற வேளாண் மரபாக அறிவித்தது. வைகைத் தண்ணீருக்கு ஏங்கிப் பழகிய நமக்கு, தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுப் பயிர் செய்வதைப் பார்ப்பது பெரிய பாடம். கைநகரிப் பக்கம் வரம்பின் மேல் இறங்கி நடந்தால், ஒரு பக்கம் காலடி உயரத்தில் காயலும் மறுபக்கம் ஆளுயரப் பள்ளத்தில் பயிரும் தெரியும்.

கேள்வி: மூன்று நாள் இருக்கிறது, ஹவுஸ்போட்தான் என்று முடிவு செய்துவிட்டோம். ஏமாறாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்? (வாசகர், கே.கே.நகர்)

முதலில் படகைக் கண்ணால் பாருங்கள். போனில் வருகிற படம் புதிதாகக் கட்டியபோது எடுத்ததாக இருக்கும். சீசன் இல்லாத வார நாள் என்றால் காலை ஒன்பது, பத்து மணிக்குப் புன்னமடை ஃபினிஷிங் பாயிண்டுக்கோ பள்ளாத்துருத்திக்கோ நேரே போய், மூன்று நான்கு படகுகளில் ஏறி, படுக்கை, குளியலறை, ஏ.சி. மூன்றையும் பார்த்துப் பேசலாம். சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ் என்றால் முன்பதிவு தேவை. அப்போதும் படகின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு வேறொரு படகைக் காட்டுவார்கள்.

ஏ.சி. பற்றித்தான் அதிகச் சண்டை வருகிறது. பெரும்பாலான படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரைதான் ஏ.சி. ஓடும். பகலிலும் வேண்டுமென்றால் அது தனி விலை. விலை பேசும்போதே கேட்டுவிட்டால் பிறகு சண்டைக்கு இடமிருக்காது.

அடுத்தது வழி. எரிபொருளை மிச்சம் பிடிக்க, புன்னமடைக் காயலுக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓரமாகக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. "ஆர் பிளாக் பக்கம் போவீர்களா, கைநகரி போவீர்களா, நெடுமுடி வரை போவீர்களா? இரவு எங்கே கட்டுவீர்கள்?" என்று ஊர்ப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நூறு படகு வரிசையாக நிற்கிற இடத்தில் கட்டினால் இரவு முழுவதும் பக்கத்துப் படகின் பாட்டும் ஜெனரேட்டரும்தான் கேட்கும். வயல் வரம்போரம் கட்டுகிறவரைத் தேர்ந்தெடுங்கள்.

வழியில் மீன் கடையில் நிறுத்துவார்கள். கரிமீனும் இறாலும் பேசிய சாப்பாட்டுக்கு மேல் தனியாக நீங்கள் வாங்குவது. விலை ஊருக்குள் உள்ளதைவிட நன்றாகவே கூடுதல். வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஏறியவுடன் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, பிள்ளைகளுக்குச் சிறிய அளவில் இருக்கிறதா என்று எண்ணுங்கள். மேல்தளத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டு அதற்கு மேல் ஏறாதீர்கள். செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்வது படகுக்கு ஆபத்து. கழிவறைத் தண்ணீர் தொட்டிக்குப் போகிறதா, காயலுக்குப் போகிறதா என்றும் கேளுங்கள். அந்தத் தண்ணீரில்தான் கரையில் இருப்பவர்கள் குளிக்கிறார்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் தொட்டி வைப்பவர்களும் கூடுவார்கள்.

கேள்வி: பஸ், ரயில் வசதி? (வாசகர், செல்லூர்)

பஸ் என்றால் ஆரப்பாளையத்திலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளி. அங்கிருந்து கேரள அரசு பஸ்ஸில் கோட்டயம். பிறகு மேலே சொன்ன படகு அல்லது சங்கனாச்சேரி வழியாக பஸ். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது பெரியாற்றுத் தண்ணீர் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும். மதுரைக்கு வருகிற தண்ணீர் அது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ரயில் என்றால் மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ். ராஜபாளையம், செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாகப் போகும். ஆலப்புழைக்கு நேராகப் போகாது. காயங்குளத்தில் இறங்கிக் கடற்கரைப் பாதை ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். ஆலப்புழை ரயில் நிலையம் கடற்கரைப் பக்கம், போட் ஜெட்டி ஊரின் கிழக்கே. நடக்கிற தூரமில்லை, ஆட்டோ பிடியுங்கள்.

கேள்வி: பழைமையான நகரம் என்கிறார்களே, எங்கே இருக்கிறது அந்தப் பழைமை? (கல்லூரி ஆசிரியை, மதுரை)

ஊருக்கு நடுவிலேயே. 1762-இல் இங்கே துறைமுகம் திறந்தது; பின்னர் திருவிதாங்கூர் திவானான ராஜா கேசவதாஸ் அதை வளர்த்தார். குட்டநாட்டுச் சரக்கும் மலைநாட்டு மிளகும் ஏலமும் காயல் வழியாக வந்து கடற்கரைக் கப்பலுக்குப் போக, ஊருக்குக் குறுக்கே வாடைக்கனால், கொமர்ஷியல் கனால் என்று இரண்டு கால்வாய்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. இரண்டின் கரையிலும் கிடங்குகள் எழுந்தன. குஜராத்தி வணிகர்கள் வந்து குடியேறினார்கள். 1859-இல் ஜேம்ஸ் டாரா இங்கே கயிற்றுப் பாய்த் தொழிற்சாலை தொடங்கினார். கொச்சித் துறைமுகம் பெரிதானபின் கப்பல்கள் அங்கே போய்விட்டன, ஊர் அப்படியே நின்றுவிட்டது. கட்டடங்கள் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜெட்டியிலிருந்து வாடைக்கனால் கரையோரம் மேற்கே நடந்தால் கடற்கரை வந்துவிடும். வெயிலுக்கு முன் காலையிலோ, நாலு மணிக்குப் பிறகோ நடங்கள். கடலுக்குள் துருத்தி நிற்கும் இரும்புத் தூண்கள் 1862-இல் கட்டிய பாலத்தின் மிச்சம். அதன் மேல் ஏறக்கூடாது, துரு தின்றுவிட்டது. அதே 1862-இல் முடிந்த கலங்கரை விளக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. பிற்பகலில் ஏறிப் பார்த்தால் தென்னந்தோப்புகளுக்கிடையே ஊர் முழுவதும் தெரியும். உள்ளே சுழல்படி செங்குத்தானது.

கேள்வி: எந்த மாதம் நல்லது? படகுப் போட்டியும் பார்க்கலாமா? (வாசகர், மேலூர்)

பசுமை வேண்டுமானால் டிசம்பர், ஜனவரி. கார்த்திகையில் விதைத்த வயல் அப்போது முழங்கால் உயரம் இருக்கும். மார்ச்சில் அறுவடை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை. எச்சரிக்கை வந்தால் படகு ஓட்டத்தைக் கலெக்டர் நிறுத்திவிடுவார், முன்பணத்தை வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கோடைக்கு முன் வருகிறவர்கள் ஆகாயத்தாமரையைப் பார்ப்பீர்கள். உப்புநீர் வயலுக்குள் ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையை டிசம்பர் வாக்கில் மூடுவார்கள். உப்பு வராததால் அந்தச் செடி சாகாமல் தழைத்துத் தோட்டை அடைத்துவிடும், படகு விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

நேரு கோப்பைப் படகுப் போட்டி நெடுங்காலம் ஆகஸ்டு இரண்டாம் சனிக்கிழமை நடந்துவந்தது. ஆனால் 2024-இல் செப்டம்பர் 28-க்கும், 2025-இல் ஆகஸ்டு 30-க்கும் மாறியது. தேதி உறுதியாகாமல் டிக்கெட் எடுக்காதீர்கள். அன்று போட்டியைத் தவிர வேறு எதற்கும் நேரம் ஒதுக்க வேண்டாம். ஊருக்குள் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கும், புன்னமடையில் மற்றப் படகுகள் ஓடாது.

கேள்வி: மாமனாருக்கு முழங்கால் வலி, மாமியார் சுத்த சைவம். (வாசகி, திருமங்கலம்)

படகில் ஏறுவதுதான் கால்வலிக்காரருக்குக் கஷ்டம், உட்கார்ந்துவிட்டால் சிரமமில்லை. அரசுப் படகு என்றால் தொடக்கத் துறையிலேயே ஏற்றி, கடைசித் துறையில் இறக்குங்கள். இடைத்துறைகளில் சில விநாடிகள்தான் நிற்கும். ஷிகாராக்காரரிடம் சொன்னால் படி தாழ்வான துறைக்கு வருவார்.

சைவம் என்பதை முந்தின நாளே சொல்லி, மீன் பொரித்த எண்ணெயில் சமைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சோறு சிவப்பு மட்டை அரிசியாக வரும், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெள்ளைச் சோறு கேளுங்கள். குடிக்க இளஞ்சிவப்பாகச் சுடுநீர் வைப்பார்கள். அது பதிமுகம் என்ற மரத்தின் கட்டையைப் போட்டுக் கொதித்த தண்ணீர், தைரியமாகக் குடிக்கலாம். கொசுவர்த்தியும் ஓடோமாஸும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: அம்பலப்புழை பால்பாயசம் கிடைக்குமா? (வாசகர், சோழவந்தான்)

கிடைக்கும். அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலில் உச்சபூஜை முடிந்தபிறகுதான் தருவார்கள், அளவு குறைவு என்பதால் காலையிலேயே கவுண்டரில் விசாரித்துச் சீட்டு வாங்குங்கள். ஆலப்புழைக்குத் தெற்கே 14 கிலோமீட்டர். ஆண்கள் சட்டையைக் கழற்றி, வேட்டியோடு போக வேண்டும். துள்ளல் கலையைத் தந்த குஞ்சன் நம்பியார் இந்தக் கோயிலைச் சார்ந்து வாழ்ந்தவர்.

இங்கே வந்தவர்கள் கிழக்கே மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கருமாடிக்கும் போங்கள். இடப்பக்கம் சிதைந்த கருங்கல் புத்தர் சிலை ஒன்று அங்கே இருக்கிறது, கருமாடிக்குட்டன் என்கிறார்கள். பார்த்துவிட்டு ஆலப்புழைக்குத் திரும்பாதீர்கள். அதே சாலை தகழி, எடத்துவா வழியாகத் திருவல்லாவுக்குப் போகிறது. அங்கிருந்து சங்கனாச்சேரி, கோட்டயம், குமுளி வழியாக ஊருக்கு வரலாம்.