கை நீளத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது

கேள்வி: அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள், புதிய வீரர்களை முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டுக்கு முன், இளம் வீரர்களின் உடம்பை அங்குலம் அங்குலமாக அளக்கின்றன. அப்படியும், பின்னாளில் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கிய நிகோலா யோகிச்சை 41-ஆவது ஆளாகத்தானே எடுத்தார்கள்? இந்தச் சோதனையெல்லாம் சடங்கு, நடப்பதெல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லிவிடக் கூடாது. ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்த்து, பழைய பயிற்சியாளர்களிடம் துருவித் துருவி விசாரிக்கிறவர்களின் உழைப்பை ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறீர்கள். டிராஃப்ட்டுக்கு முந்தைய சோதனை முகாமில் எடுக்கும் அளவுகள் அந்த உழைப்பில் ஒரு சிறு பகுதிதான். அவற்றை எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பின்னாளில் பெரும் நட்சத்திரமான கெவின் டுரான்ட், 2007 முகாமில், 18 வயதில், 185 பவுண்டு, அதாவது சுமார் 84 கிலோ எடையை, மல்லாந்து படுத்தபடி தூக்க வேண்டியிருந்தது. ஒரு தடவைகூட முடியவில்லை. இதைத்தான் எல்லோரும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரு கைகளையும் விரித்தால் அவருக்கு 7 அடி 4 அங்குலத்துக்கும் மேல் என்பதும் அதே முகாமில்தான் பதிவானது. அதை யாரும் சொல்வதில்லை. எடை தூக்கப் பழக்கிவிடலாம், கையை நீட்டிவிட எந்தப் பயிற்சியாளராலும் ஆகாது. சியாட்டில் அணி அவரை இரண்டாவதாக எடுத்தது. அவருக்கு முன்னால் போர்ட்லாண்ட் எடுத்த கிரெக் ஓடனை முழங்கால்கள் முடக்கிப்போட்டன. மொத்தம் 105 ஆட்டங்களோடு அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. அதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கில்லை என்று நான் வாதாட மாட்டேன்.

ஆனால் காவாய் லெனர்டின் கதையில் நான் பார்ப்பது கணக்கு. 2011-இல், சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய கடைசி ஆண்டில், அவர் மூன்று புள்ளி எல்லைக்கு வெளியிலிருந்து எறிந்தவற்றில் 29 சதவீதம்தான் கூடையில் விழுந்தது. எறியத் தெரியாதவர் என்று 14 பெயர்களுக்குப் பின்னால் தள்ளினார்கள். அந்தக் கையோ, சாதாரண ஆட்கள் ஆரஞ்சைப் பிடிப்பதுபோலக் கூடைப்பந்தைப் பிடிக்கும் கை. சான் அன்டோனியோ அணியில் சிப் எங்கலண்ட் என்ற எறிதல் பயிற்சியாளர் இருந்தார். எறியும் பாணியை அவர் திருத்திவிடுவார், கையும் தடுப்பாட்ட வேகமும் ஏற்கெனவே இருக்கின்றன என்று அணி கணித்தது. லெனர்டைப் பெறுவதற்காக, அங்கே எல்லோருக்கும் பிரியமான வீரர் ஜார்ஜ் ஹில்லையே இண்டியானாவுக்குக் கொடுத்தது. முதல் பருவத்திலேயே லெனர்டின் மூன்று புள்ளிக் கணக்கு 37.6 சதவீதமானது. 2014 இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் அவர்தான். ஆளை மட்டும் எடைபோட்டிருந்தால் இது நடந்திருக்காது. அந்த ஆளின் குறையைத் தீர்க்கத் தங்களிடம் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எடைபோட்டார்கள்.

யோகிச்சுக்கு வருகிறேன். கனத்த உடம்பு, எம்பும் உயரமும் குறைவு. டென்வர் அணியே அந்த 2014-இல் அவருக்கு முன்னால் இரண்டு பேரை முதல் சுற்றிலிருந்து கொண்டுவந்தது. அதனால் அவர்கள் ஞானக்கண்ணால் கண்டுபிடித்தார்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் எடுத்த கையோடு அமெரிக்காவுக்கு இழுத்துவந்து பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. இன்னும் ஓராண்டு செர்பியாவின் மெகா அணியிலேயே ஆட விட்டார்கள். அந்த ஆண்டு ஏட்ரியாட்டிக் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கிக்கொண்டுதான் அவர் டென்வரில் வந்து இறங்கினார்.