வருமானம் கூடியும் வெளிநாடு போவோர் ஏன் குறையவில்லை?

நாடுகளின் வருமானத்தையும் அங்கிருந்து புலம்பெயர்வோர் எண்ணிக்கையையும் ஒப்பிட்ட உங்கள் கணக்கில் பிழை இல்லை, கருதுகோளில்தான் பிழை. "ஏழை நாட்டில் வருமானம் உயர்ந்தால் வெளிநாடு போவோர் குறையணுமே, என் வரைபடத்தில் ஏறுதே" என்கிறீர்கள். ஏறத்தான் செய்யும். விசா, விமான டிக்கெட், தரகர் கமிஷன் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பரம ஏழை பெரும்பாலும் உள்நாட்டுக்குள்ளேயேதான் நகர்வார். வாங்கும் திறன் அடிப்படையில் (அதாவது நாடுகளின் விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டி) தலைக்கு ஆண்டு வருமானம் ஏறத்தாழ 10,000 டாலரை எட்டிய பிறகே வெளிநாடு போவது இறங்குமுகம் காட்டுகிறது.

உங்கள் வரைபடத்தில் 1990-ஐ ஒட்டி வரும் செங்குத்துத் தாவல் வேறு கதை. ஐ.நா. தரவு பெரும்பாலும் பிறந்த நாட்டை வைத்து எண்ணுகிறது. உக்ரைனில் பிறந்து மாஸ்கோவில் குடியிருந்தவர், சோவியத் ஒன்றியம் உடைந்ததும் வீட்டை விட்டு அசையாமலே 'புலம்பெயர்ந்தவர்' ஆகிவிட்டார்! அந்த முன்னாள் சோவியத் நாடுகளுக்கு ஒரு போலி மாறி (அந்த நாடு என்றால் 1, இல்லையென்றால் 0) சேருங்கள்.

சரிபார்க்க:

1. சிரியா, ஆப்கானிஸ்தான், தெற்கு சூடானை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். அங்கே மக்களை விரட்டியது போர். பாதுகாப்பையும் வளர்ச்சியையும் ஒரே கெழுவில் (ஒரு காரணியின் தாக்கத்தைக் காட்டும் எண்ணில்) திணித்தால் இரண்டுமே மங்கிவிடும்.

2. நீங்கள் எடுத்தது இருப்புத் தரவா (இப்போது வெளிநாட்டில் இருப்போர் மொத்தம்), ஓட்டத் தரவா (அந்தந்த வருடம் போனவர்கள்)? இருப்பில் முப்பது வருடம் முன்பு போனவரும் இருப்பார். அவரை இந்த வருட வருமானத்தோடு ஒப்பிட முடியாது.

ஒரு எச்சரிக்கை: அந்த 10,000 பல நாடுகளை அருகருகே வைத்துப் பார்த்ததில் கிடைத்தது. ஒரே நாடு காலப்போக்கில் அதே வளைவில் போகும் என்று ஆய்வறிக்கையில் எழுதிவிடாதீர்கள், அதில்தான் இன்னும் சண்டை நடக்கிறது.